இருநூற்றுப் பதினேழு

கடலில் முதல் எழுபது மீட்டர்
யாருடையதோ ஒரு குதிகால் வழிகாட்டியது.
மிச்சம் உப்பு.

மரைன் டிரைவில் எதிர்க்காற்று.
மச்சாளின் சைக்கிள், சீட் ஒரு விரல் உயரம்.
வெள்ளவத்தையில் ரயில் என்னை முந்தியது;
கதவில் தொங்கியவன் கையசைத்தான்.
சிரித்தேனா, பல்லைக் கடித்தேனா தெரியாது.

இறங்கி ஓடினால்
கால்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன.
காலிமுகத்திடலில் இறால் வடைக்காரர்
வண்டியைத் திறந்தபடி சொன்னார்:
"முடிஞ்சுது தங்கச்சி, எல்லாரும் போய்ட்டாங்க."
எனக்கு இன்னும் அறுநூறு மீட்டர் இருந்தது.

திங்கட்கிழமை, வங்கிக் கவுண்டர்.
பணம் எண்ணுகையில் சட்டைக் கை விலக,
தேய்த்தும் போகாத மை: 217.
கண்ணாடிக்கு அப்பால் ஒரு அம்மா
தன் துண்டைப் பார்க்கிறார்.

"எனக்கு இருநூற்றுப் பதினெட்டு.
அப்ப, அடுத்தது நான்தானே பிள்ளை?"