வரியில்லா மாநிலத்தில் நாற்பது நிமிடம்

விற்கப்போகிற விமானத்தை
வெறுமனே ஓட்டிப்போவது
நன்றாகத்தான் இருக்கிறது.
பதினான்கு இருக்கை, பதினான்கும் காலி.
பின்னாலிருந்து யாரும் ஐஸ் கேட்கவில்லை.

சவானாவில் ஐந்து வாரம்
பிரித்துப் போட்டிருந்தார்கள் இதை.
தானமாக வந்த மாடில்லையே
பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விட.
வாங்குகிறவரோ பல் டாக்டர், நிஜமாகவே:
நூற்றுப் பன்னிரண்டு கிளினிக், ஒஹையோ முழுக்க.

அவர் சார்பில் ஓடாலிஸ் என்றொரு பெண்
எஞ்சினின் தொண்டைக்குள் கேமராக் குழலை விட்டு
தகடு தகடாக எண்ணினாள்.
நாலாம் நாள் சமையல் மேடைக்குக் கீழே
தரையைப் பெயர்த்துவிட்டு
என்னைக் கூப்பிட்டாள்.
அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது
உள்ளங்கை அகலத்துக்கு அரிப்பு.
"பதினோரு வருஷமா இங்க என்னத்தைக் கொட்டினீங்க?"

தக்காளிச் சாறு.
தரையில் இருக்கும்வரை
வாண்டர்மோலன் அதைத் தொடமாட்டார்.
மேலே ஏறினால் அதுதான் வேண்டும், உப்புத் தூக்கலாக.
கிரேட் லேக்ஸ் மேல் ஒவ்வொரு குலுக்கலுக்கும்
பாதி டம்ளர் கம்பளத்துக்கு.

"தெரியாது" என்றேன்.

அந்தத் தெரியாதுக்கு
மூன்று லட்சத்து எண்பதாயிரம் டாலர் குறைத்தார்கள்.
துண்டுக்குள் விரல் தொட்டுப் பேசிய பேரமில்லை,
இரவு பதினொன்றரைக்கு வக்கீலுக்கு வக்கீல் மின்னஞ்சல்,
ஒவ்வொன்றின் அடியிலும்
அன்பான வணக்கங்களுடன்.

பிறகு பாகங்கள் திரும்பப் பூட்டப்பட்டன.
பிறகு, எங்கே வைத்து விற்பது என்று
ஒரு வாரம் பேசினார்கள்.
ஜார்ஜியாவில் என்றால் வரி. மிச்சிகனில் என்றால் வரி.
ஆகவே மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷயர்.
பிப்ரவரி. ஓடுபாதை ஓரம் ஆளுயரப் பனி.
எண்ணெய் லாரிக்காரன் கேட்டான்:
"யாரைக் கூட்டிப்போக வந்தீங்க?"
யாரையும் இல்லை.

போனில் ஒன்பது பேர்.
ஓக்லஹோமா சிட்டியிலிருந்து ரென்ஃப்ரோ அம்மாள்
ரோல்கால் எடுப்பதுபோல் கேட்டுக்கொண்டே வந்தாள்:
பணம்? வந்தது.
வங்கி? விடுவிக்கிறோம்.
விற்பவர்? விடுவிக்கிறோம்.
கல்யாணமா, விவாகரத்தா,
குரலைக் கேட்டுச் சொல்ல முடியவில்லை.
"கேப்டன் ப்ரூலெட், விமானம் எங்கே நிற்கிறது?"
எனக்கிருந்த வசனம் அது ஒன்றுதான்.
"மான்செஸ்டர். நியூ ஹாம்ப்ஷயர். தரையில்."
பத்து லட்சத்துக்கு மேல் வரி மிச்சம்
அந்த நாலு சொல்லில்.
இவ்வளவு விலை போன பேச்சு
அதற்கு முன் நான் பேசியதில்லை.

"மணி பதினொன்று நாற்பத்திரண்டு" என்றாள்.
"வாழ்த்துகள், எல்லோருக்கும்."

கையிலிருந்த காபி
பல் டாக்டருடைய காபி ஆகிவிட்டது.
குடித்துமுடித்தேன்.

அதுவரை கண்ணாடிக்கு அப்பால்
மரியாதையாகக் காத்திருந்த ஓகாவா,
அவர்களுடைய பைலட்,
என்னைவிட இருபது வயது இளையவள்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே படியேறினாள்.
பதிவேட்டில் இல்லாததையெல்லாம் சொன்னேன்:
இடப்பக்க அலமாரிக் கதவு இறங்கும்போது திறந்துகொள்ளும்,
காகிதம் மடித்துச் செருகணும்.
முன் கழிவறை விளக்கு கடுங்குளிரில் சிமிட்டும்,
புகார் எழுதாதே, இரண்டு தட்டு தட்டு.
பக்கவாட்டுக் காற்றில் கொஞ்சம் அடம்பிடிக்கும்,
இழுத்துப் பிடிக்காதே,
அதுவே வழிக்கு வரும்.
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.
"இவ்வளவு நல்ல விமானத்தை ஏன் வித்தாங்க?"
"பெரிசு வாங்கிட்டாங்க. அதுவும் பழசுதான்."
"அதையும் நீங்கதான் ஓட்டுவீங்களா?"
அதற்கு ஏற்கெனவே பைலட் இருக்கிறார்,
விமானத்தோடு சேர்த்தே வருகிறார்.

அவள் பேனாவை மூடினாள்.

டாக்சி, பயணிகள் முனையம்.
இரண்டு விமானம் மாறி கிராண்ட் ராப்பிட்ஸ்,
முப்பத்தொன்று ஈ, நடு இருக்கை.
பாதுகாப்புச் சோதனையில் தட்டைத் தள்ளினேன்:
பெல்ட், போன், சில்லறை,
ஒரு சின்னப் பித்தளைச் சாவி.
மதுப் பெட்டிச் சாவி.
சோதிக்கிற பையன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு
"இது உங்களுடையதா சார்?" என்றான்,
வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் வரிசை
நீண்டுகொண்டிருந்தது.