அங்குல நாடா

ஆமர் வீதி முடக்கில் நடைபாதையின் உயரம்
ஒன்பதே கால் அங்குலம்.
தபால் கந்தோர் வாசலில் ஏழு.
மீன்கடைப் பக்கம் அளக்கவில்லை;
அங்கே நடைபாதை இல்லை,
ஐஸ் பெட்டிகள்தான்.

பதினெட்டு வருசமாய்ச் சட்டை தைக்கிறேன்.
ஆட்கள் வந்து நிற்பார்கள்.
தோள், மார்பு, இடுப்பு,
இருந்தபடியே அளப்பேன்.
இந்த நகரமும் ஒருநாள் வந்து நிற்கும்
என்றிருந்தேன்.
வரவில்லை.
நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
நானே போனேன்.

கூட வந்தவர் முஸம்மில் நானா.
லொத்தர் விற்பவர், கண் தெரியாது.
வெள்ளைப் பிரம்பை என் மடியில் தந்துவிட்டு
நாற்காலியைத் தள்ளுவார்.
நான் வழி சொல்வேன்:
இடது பக்கம். நில்லுங்கோ. கானுக்கு மூடி இல்லை.
இப்படி ஒரு நீதிக்கதை
பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், இரண்டு பேருமே.
அந்தக் கதையின் பாதையில்
ஒருவரும் ஓட்டோ நிறுத்தியிருக்கவில்லை.

முப்பத்தொரு இடம்.
அளவுக் கொப்பியில்
ஒரு கலியாணச் சட்டைக்கும்
கொன்வென்ட் சீருடைகளுக்கும் நடுவில்
எழுதி வைத்தேன்.

மாநகர சபையின் வட்டாரக் கந்தோருக்கு
எட்டுப் படி.
ஆறரை, ஆறரை, ஏழு என்று போய்
கடைசிப் படி மட்டும் ஒன்பது.
கட்டினவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.

ஹசனா என்ற எழுதுவினைஞர்
படிவத்தோடு இறங்கி வந்து
மூன்றாம் படியில் குந்தினாள்.
ஒரு கட்டத்தில்
'அங்கவீனத்தின் அளவு' என்றிருந்தது.
ஒன்பதே கால் அங்குலம் என்று எழுதினேன்.
அவள் சிரிக்கவில்லை.
வெட்டவும் இல்லை.
முத்திரையை ஊதி ஊதிக் குத்தினாள்.

பிறகு கடிதங்கள்.
வீதி ஒரு திணைக்களத்துக்கு,
கான் வேறொன்றுக்கு,
மின்கம்பம் இன்னுமொன்றுக்கு.
ஒரு முழ நடைபாதைக்கு நாலு சொந்தக்காரர்.
அப்படியும் அது அநாதை.

கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டாராம்:
'அந்தத் தெருவில் சக்கர நாற்காலி ஒன்றைக்கூட
நான் கண்டதில்லையே, யாருக்கு இந்தச் செலவு?'
ஹசனாதான் வந்து சொன்னாள்.
கை வைக்காமல் ஒரு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு
ஊரில் யாருக்கும் கையே இல்லை
என்று சொல்லலாமா, பிள்ளை?
அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு வியாழக்கிழமை
சீமெந்து வந்தது.
பின்னேரமே சாய்தளமும் வந்துவிட்டது.
நாலடி நீளம்.
ஏறிப் பார்த்தேன்.
முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது.
முஸம்மில் நானா பின்னால் நின்று
என்னையும் நாற்காலியையும்
யா அல்லாஹ் என்று தாங்கிக்கொண்டார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் பியதிஸ்ஸ
தலையைச் சொறிந்தார்.
நல்ல மனுசன். வெயிலில் தொப்பி இல்லாமல் நின்றார்.
'கொஞ்சம் கட்டையாய்ப் போச்சு, மிஸ்.'
கட்டையாய்ப் போனால்
நாங்கள் பிரித்துத் தைப்போம் என்றேன்.
ஓர் அங்குலம் ஏற
பன்னிரண்டு அங்குலம் நீளம் வேணும்.
ஒன்பதே காலைப் பன்னிரண்டால் பெருக்குங்கோ.
அவர் கைபேசியை எடுப்பதற்குள்
முஸம்மில் நானா சொன்னார்:
'நூற்றுப் பதினொன்று.'
லொத்தர் விற்கிறவருக்கு
இலக்கம் பிழைக்காது.

நாடாவின் ஒரு நுனியை
பியதிஸ்ஸவின் கையில் கொடுத்தேன்.
என் நாடா அறுபது அங்குலம்தான்;
இரண்டு தரம் வைக்க வேண்டியிருந்தது.
அவர் குனிந்து, பின்னால் நடந்து,
தையல் சோக்கால் கோடு போட்டு,
மறுபடி குனிந்து,
ஐம்பத்தொன்றில் நின்றார்.
அதற்கு மேல் குனிய முடியவில்லை.
அங்கே சபையின் ஜீப் நிறுத்தியிருந்தது.

'என்ன சத்தத்தையே காணோம்?' என்றார் நானா.
ஜீப்பை எடுக்கச் சொல்லியிருக்கு.
'எடுத்தாச்சா?'
டிரைவர் தேத்தண்ணி குடிக்கிறார்.

நாடாவை நான் சுருட்டவில்லை.