கரண்டி

ஜூலையில் குளிரை விற்கிறவன் நான்.
ஃபஹாஹீலில் நாலு தெரு ஏசிகளின் மூச்சு
என் ஸ்பானர் முனையில்.
ஜனவரியில் குளிர் இலவசம்.
யாரும் கூப்பிடுவதில்லை.

அப்படித்தான் ஒரு வியாழன் மாலை
கைரானில் டாக்டர் ஹெப்சிபாவின்
இருபத்தாறடிப் பாய்மரப் படகில் ஏறினேன்.
மயக்க மருந்து டாக்டர் அவர்.
ஊரைக் காலிசெய்த ஒரு ஜெர்மன்காரர்
பழைய கார் விலைக்குத் தள்ளிவிட்டுப் போன படகு.
பாய் இரண்டு. நங்கூரம் ஒன்று.
ஃப்ரிட்ஜ் இல்லை.
"ஏசி மெக்கானிக் ஏறியும் இல்லையா?"
துறையில் எவனோ சிரித்தான்.

தூண்டிலுக்குக் கம்பு வேண்டாம், சக்கரம் வேண்டாம்.
நாற்பது மீட்டர் தடித்த நரம்பு,
சுற்றிவைக்க ஒரு காலித் தண்ணீர் பாட்டில்.
இடையில் சைக்கிள் ட்யூப் ஒரு முழம்:
பெரியது இழுத்தால்
ரப்பர் முதலில் யோசிக்கும், நரம்பு அப்புறம்.
முனையில், என் அறையின் ஒரே குழம்புக் கரண்டி.
காம்பை அறுத்து, இரண்டு ஓட்டை போட்டு,
ஒன்றில் முக்கொக்கி.
முன்னால் கனமாய் ஓர் ஈயக் குண்டு.
ஏனென்றால் குளிரில் மீன் மேலே வராது.
வெள்ளிக்கிழமைக் காலை என்னைப் போல
போர்வைக்கடியில் கிடக்கும்.
நாம்தான் இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டும்,
அதுவும் மெதுவாக.

"மூணு நாட் வேகம் போதும்.
அஞ்சுக்குப் போனா கரண்டி மேல வந்து குதிக்கும்,
எந்த மீனும் நம்பாது."
ஷமால் காற்றுக்கு அது கேட்கவில்லை.
டாக்டர் முன்பாயைச் சுருட்டினார்.
எனக்குக் காது விறைத்து
கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மணிக்குப் பதில்
டூனா டப்பாவில் நான்கு நட்டு,
நரம்போடு கட்டியது.
முதல் முறை கடகடத்தது: பாசி.
இரண்டாம் முறை:
இருபது கிலோ பாசுமதிப் பை,
தலைப்பாகைச் சமையல்காரர் சிரிப்பு அழியாமல்.
மூன்றாம் முறை டப்பா கடகடக்கவில்லை.
கம்பியில் மோதி மோதி அலறியது.

நரம்பைக் கையில் சுற்றாதே என்று
மூன்று தடவை சொல்லியிருந்தார்.
சுற்றினேன்.
தழும்பு இதோ.

வெள்ளித் தட்டு போல அகலமாய் ஏறி வந்தது.
அரபியில் சுபைத்தி.
தமிழில் பெயர் தெரியாது.
அருப்புக்கோட்டைக்கு மீன்
பெயரில்லாமல், துண்டாகத்தான் வரும்.

செவுளில் ஒரு மடக்கு பிராந்தி ஊற்று, அடங்கிவிடும்
என்று ஜெர்மன்காரர் கையேட்டில் எழுதிவைத்திருந்தார்.
இந்த நாட்டில் பிராந்திக்கு எங்கே போக?
வினிகர் இருந்தது. டாக்டர் வேண்டாமென்றார்.
ஈரத் துண்டை அதன் கண்மேல் போட்டு
உள்ளங்கையை மெல்ல வைத்து
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினார்,
தியேட்டரில் எண்ணுகிற அதே குரலில்.
பத்து. ஒன்பது. எட்டு.
ஆறில் வால் நின்றது.
ஐந்தில் நான் கத்தியை எடுத்தேன்.
அவர் மேற்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்,
ஒன்று வரைக்கும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத படகில்
வயிறுதான் கணக்கு.
இன்னும் வெளிச்சம் இருந்தும்
நரம்பைப் பாட்டிலில் சுற்றிவிட்டோம்.

நங்கூரமிட்டபோது
தூரத்து எண்ணெய்க் கப்பல்கள்
விளக்குப் போட்டுக்கொண்டன.
ஒற்றை அடுப்பில் புளிக்குழம்பு கொதித்தது.
ஊற்றக் கரண்டி தேடினேன்.
பாட்டிலில் கொக்கியோடு தொங்கியது.

டாக்டர் பையைத் துழாவி
மருந்தளக்கும் குவளையை எடுத்தார்.
முப்பது மில்லி, முப்பது மில்லியாக
சோற்றில் ஊற்றிக்கொண்டோம்.
நான் நூற்றெண்பது வரை எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.

மீனே இல்லாத டப்பா
இரவெல்லாம் கடகடத்தது.
அவிழ்த்து வைக்க
போர்வையைவிட்டு யார் எழுந்திருப்பது.