நான்காம் சுருள்

முதல் மூன்று சுருள்களிலும்
அறுபதில்தான் ஓட்டினார்கள்.
கேமராவை மெதுவாகச் சுழற்றினால்
திரையில் கார் பறக்கும்.
எங்கள் தொழிலின் பழைய களவு அது.
யாருக்கும் காயமில்லை.

நான்காம் சுருளில் களவில்லை.
ஜெனோவா, மார்ச் மாதம், காலை ஐந்து ஐம்பது.
துறைமுகத்தை ஒட்டிய மேம்பாலத்திலிருந்து
பச்சை ஆல்ஃபா இறங்குகிறது.
அனுமதி கேட்கவில்லை,
கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.
முள் நூற்று நாற்பதைத் தொட்டு நடுங்குகிறது,
அல்லது நடுங்குவது
பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிக்கொண்ட
ஒளிப்பதிவாளனின் கை.
மூலையில் ஒரு போலீஸ்காரன் விசில் ஊதுகிறான்.
ஒலியில்லாத சுருளில்
அவன் கன்னம் மட்டும் உப்புகிறது.
டயரின் கிறீச்சிடலை
ரோமிலிருந்து டப்பாவில் அனுப்புவார்கள்,
மழையில் நனைந்த தெருவுக்கும் அதே கிறீச்.

ஓட்டியவர் எர்மெத்தே பரோதி.
கதாநாயகனின் தோல்சட்டை அவருக்குத் தொப்பையில் பூட்டாது.
மாலையில் என் அறைக்கு வந்து
கடைசிப் பேருந்து போய்விட்டதா என்று கேட்டார்.
சொந்தமாகக் கார் கிடையாது.
"தெருவில் ஓட்டுகிறவர்களெல்லாம் பைத்தியங்கள், சிஞோரா."

மேசை விளக்கில் சுருளைப் பிடித்தேன்.
நடுவில் பதினோரு சட்டகங்கள்,
அரை நொடிகூட இல்லை.
தோளில் ரொட்டிப் பலகையோடு
ஒருவன் தெருவைக் கடக்கிறான்.
துணை நடிகன் இல்லை, பட்டியலைப் பார்த்துவிட்டேன்.
முதல் சட்டகத்தில் அவனுக்கு எதுவும் தெரியாது.
நான்காவதில் தலை திரும்புகிறது.
ஏழாவதில் என்னைப் பார்க்கிறான்.
பதினொன்றில் அவன் இல்லை,
மாவு மட்டும் அந்தரத்தில்.
அடுத்தது வெறும் தெரு.

"ஒதுங்கிவிட்டான்" என்றார் எர்மெத்தே.
"கண்ணாடியில் பார்த்தேன். முஷ்டியை ஆட்டினான்."
பேருந்துக்குக் கிளம்பியவர்
வாசலில் நின்று மறுபடியும் சொன்னார்:
"முஷ்டியை ஆட்டினான்."

இயக்குநர் தல்மாஸோ மேசையைத் தட்டினார்:
இதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?
தயாரிப்பாளரின் வக்கீல்
தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்:
அந்த ஆள் படத்தில் இருக்கக்கூடாது.

வெட்டினேன். ஒட்டினேன். ஓட்டினேன்.
கார் துள்ளியது.
முன்னைவிட வேகம்.
மனிதனை எடுத்துவிட்டால் வேகம் கூடுகிறது,
இருபது வருடம் இந்தக் கத்தரிக்கோலோடு இருந்தும்
அன்றுதான் அதை அவ்வளவு அருகில் பார்த்தேன்.
பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.
தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு,
ஆறு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஏழாவது முறை
நான்கு சட்டகங்களைத் திரும்ப ஒட்டினேன்.
ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.
வக்கீலின் கண்ணுக்குப் படாது,
இமைப்பதற்குள் போய்விடும்.
யாருக்காகச் செய்தேன் என்று
அப்போது கேட்டிருந்தால்
அவனுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

படம் வந்த வாரம்
நகரசபை உறுப்பினர் ஒருவர் பத்திரிகையில் எழுதினார்,
சாலையைக் கொலைக்களமாக்கும் படம் என்று.
மறுவாரம் வரிசை இரட்டிப்பானது.
காட்சி முடிந்து வெளியே வந்த பையன்கள்
வெஸ்பாவை முன்சக்கரம் தூக்கி
மீன்சந்தைச் சரிவில் விட்டார்கள்.
ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு போயிற்று.
அவன் தாய் தியேட்டர் வாசலில் வந்து
போஸ்டரை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனேன்,
கடைசி வரிசை.
நான்காம் சுருள் மாறியதும்
எண்ண ஆரம்பித்தேன்.
அந்த இடம் வந்தது.
யாரும் எதையும் பார்க்கவில்லை.
ஆனால் அரங்கம் முழுக்க
முந்நூறு வலது கால்கள்
இல்லாத பிரேக்கை மிதித்தன.
மரத்தரை ஒரே சத்தமாக அதிர்ந்தது.
பிறகு சிரிப்பு, கைத்தட்டல், சீட்டி.

தல்மாஸோ இரண்டு வரிசை முன்னால் இருந்தார்.
திரும்பி, இருட்டில் என்னைத் தேடி,
விரல்நுனியில் முத்தம் வைத்து வீசினார்.

என் காலும் தரையில்தான் இருந்தது.
இன்னும் எடுக்கவில்லை.