முட்டுச்சிரட்டை

கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி.
அதற்குள் ஒருவர், அல்லது
ஒன்றரை ஆளின் மிச்சம்.
ஐந்து பேட்ச் கைமாறி வந்த எலும்புகள்.
மண்டையோட்டில் தாடையை ஸ்பிரிங் வைத்துக் கட்டியவள்
இப்போது சங்கரன்கோவிலில் குழந்தை டாக்டர்.

விலைக்கு என்று வாட்ஸப்பில் போட்டிருந்தேன்.
டோனாவூர் பெனினா வந்தாள். புது பேட்ச்.
வெள்ளைக் கோட்டில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை.
"நீங்க எந்த வருஷம்க்கா?"
ஹைகிரவுண்டில் இந்தக் கேள்விக்கு
மூன்று பதில்கள் வைத்திருக்கிறேன்.
அன்று எதுவும் வாயில் வராமல்
"முதல் வருஷந்தான். மூணு தடவ போச்சு" என்றேன்.
அவள் மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

நான்காவதோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள் பரீட்சைப் பணம்,
இல்லையென்றால் ஆபீஸில் ஒரு கடிதம்.
கடிதம் எழுதியாயிற்று.
'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்ற இடத்தில் மட்டும்
அடித்து, எழுதி, மறுபடி அடித்து
தாள் நைந்துபோயிருக்கிறது.

அப்பாவுக்கு பாவூர்சத்திரம் மார்க்கெட்டில்
கமிஷன் கடைக் கணக்கு.
கடைசி ரிசல்ட்டுக்குப் பிறகு போனில்
காய் விலை மட்டும் சொல்கிறார்.
"வெண்டை எட்டு ரூவா. பறிகூலிக்கே காணாது,
கொட்டிட்டுப் போறாவ."
"ஆமாப்பா."
"பல்லாரி பரவால்ல."
"சரிப்பா."
இவ்வளவுதான். வைத்துவிடுவார்.

தெருவில் எனக்கு இன்னும் டாக்டர் என்றே பேர்.
நேற்று முப்புடாதி மதினி
தன் முட்டு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
படம் எடுத்து அனுப்பியிருந்தாள்:
"ஏட்டி, தேஞ்சிருக்குன்னு சொல்லுதாவ, நெசமா?"
பெரிதாக்கிப் பார்த்தேன்.
தேய்ந்துதான் இருந்தது.
ஆர்த்தோவில் காட்டச் சொன்னேன்.
கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினாள்.

மூன்றாம் தடவை வைவாவில்
வெளியூரிலிருந்து வந்தவர்
என் உள்ளங்கையில் ஒரு முட்டுச்சிரட்டையை வைத்தார்.
"எந்தப் பக்கம்?"
"முழங்கால், சார்."
"அது தெரியுதும்மா. வலதா, இடதா?"
ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.
அதன் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
அது நின்ற பிறகும் காத்திருந்தேன்.

பெனினா பெட்டிக்குள் துழாவி
அதையேதான் எடுத்தாள்.
"கூர்முனை எதிர்ப்பக்கம் பாக்க மேசையில வச்சா
எந்தக் காலோ அந்தப் பக்கம் சாயுமாம்க்கா.
நேத்து சொன்னாங்க."
எனக்கும் சொன்னார்கள், மூன்று வருடமாக.
வைத்தாள்.
அது ஆடியது. ஆடி, நடுவிலேயே நின்றது.
ஐந்து பேட்ச் விரல் பட்டு ஓரம் மழுங்கிவிட்டது போல.
"இடது" என்றேன், விற்கிறவள் தோரணையில்.
அவள் புரட்டி, கட்டைவிரலால் தடவி,
"வெளிப்பக்கந்தானக்கா அகலம்? அப்ப இது வலது."
பிடுங்கித் தடவினேன்.
அகலமான சரிவு, ஒரு வரப்பு, குறுகிய சரிவு.
வலதுதான்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு,
ரிசல்ட் வந்த நாளிலிருந்து முதல் தடவை.
அவளுக்குப் பயமாகியிருக்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டு ஜீபே செய்வதாகச் சொல்லி
படி இறங்கினாள். பாதி இறங்கி நின்று
"பெட்டியும் சேத்துத்தானக்கா?"

ஏன் வெளிப்பக்கம் அகலம்?
மூன்று வைவாவிலும் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.
நானும் கேட்டதில்லை.
புத்தகம், சமாதானபுரம் பழைய பேப்பர் கடைக்கென்று
கட்டி வைத்த கட்டில் அடியிலிருந்து மூன்றாவது.
முடிச்சை மட்டும் அவிழ்த்தேன்.

சாயங்காலம் போன்.
"முருங்கைக்கு இன்னைக்கு ஏலமே கேக்கல."
"அப்பா, வெள்ளிக்கிழம பரீட்சைக்குப் பணம் கட்டணும்.
கட்டவா வேண்டாமான்னு தெரியல."
அவருக்குப் பின்னால் யாரோ
தக்காளிப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
பதினேழு, பதினெட்டு.
"எவ்வளவு?" என்றார்.
சொன்னேன்.
பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.
எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று
நான் கேட்கவில்லை.