தொண்ணூறு நாள்

தூத்தூரில் போட்டு ஏறினால் நாற்பது நாள் கடல்.
ஊசிக்கு ஆயுசு இருபத்தெட்டு.
இந்தக் கணக்கு ஒத்துவராமல்
மூன்று வருஷம் கரையில் கிடந்தேன்,
மற்றவன் தூண்டிலுக்கு முள் கட்டிக்கொண்டு.

மாத்திரைக் காலத்தில்
வின்சி எண்ணிப் பொட்டலம் கட்டித் தருவாள்.
கரை மறைந்ததும் கடலில் போடுவேன்.
சூரை மீனுக்கெல்லாம் புத்தி தெளிந்திருக்கும்.
அணைத்துவைத்த வயர்லெஸ் பேசும்,
பேர் சொல்லிக் கூப்பிடும்.
ஒருநாள் குதி என்றது.
குதித்தேன்.
எனக்காகக் கயிற்றை அறுத்துவிட்டுத் திரும்பினார்கள்,
பதினோரு நாள் மீன் போயிற்று.
இன்றுவரை யாரும் சொல்லிக்காட்டவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இன்று ஆசாரிப்பள்ளத்தில்
நர்ஸ் சிரிஞ்சை நெடுநேரம் குலுக்கினாள்.
"ஒரு மாசமும் தவறாம வந்தீரே,
இனி மூணு மாசத்துக்கு ஒண்ணு போதும்."

தோளில் போட்ட இடம் கனக்கிறது.
பஸ்ஸில் வின்சி விரல் மடக்கிக்கொண்டே வந்தாள்.
புதுக்கடை தாண்டும்போது,
ஜன்னல் பக்கம் பார்த்தபடி,
"நாப்பதும் நாப்பதும் எம்பது.
மிச்சம் பத்து நாள்
எனக்க கூட இருக்கணும்" என்றாள்.

ஸ்ராங்கு செல்டனிடம் இன்னும் கேட்கவில்லை.
எஞ்சின் சத்தம்
வெறும் எஞ்சின் சத்தமாகக் கேட்குமா என்பது
ஏறினால்தான் தெரியும்.