நாளைக்கு எத்தனை

நிரலை யாரோ கடைசியாகத் தொட்டு
நூற்றுப் பதினொரு நாள் ஆகிறது.
திரையின் ஓரத்தில் சாம்பல் எழுத்தில் இருக்கிறது அது,
திட்டாமல்.

ஊபியில் ஐந்தாம் மாடி.
கீழ்த்தளத்தில் கார் பழுது பார்க்கிறவர்கள்
நசுங்கிய கதவைத் தட்டித் தட்டி
சாப்பாட்டு நேரத்துக்குள் நேராக்கி அனுப்பிவிடுகிறார்கள்.
மேலே நாங்கள் மூன்று பேர்
ஒரு பொத்தான் பச்சையா நீலமா என்று
சீனப் புத்தாண்டிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை இருநூற்று நாற்பது.
செய்து முடித்தது உள்நுழையும் பக்கம்.
ஆள் வராத வீட்டுக்கு
ஏழு விதமாய்க் கதவு போட்டிருந்தோம்.

ஃபைருஸ் சட்டையை இஸ்திரி போட்டு வந்த அன்று
வேறெங்கோ நேர்காணல் என்று புரிந்தது.
நான் கேட்கவில்லை.
சியூ லிங் வெண்பலகையை அழிக்காமல்
எழுதியதன் மேலேயே எழுதினாள்.
வங்கியில் இன்னும் ஒன்பது வார வாடகை.

அப்புறம் ஒரு வியாழன், நள்ளிரவு தாண்டி,
வேறு யோசனை இல்லாததால்தான்,
செனோக்கோவில் அந்தச் சமையல்கூடத்துக்குப் போனோம்.
செயலி யாருக்கென்று
முதலீடு கேட்ட தாள்களில் எழுதியிருந்தோமோ
அவரை அன்றுதான் பார்க்கிறோம்.

திருவாட்டி மரகதவல்லி
ரப்பர் காலணியோடு நின்று
ஊழியர் விடுதிகளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு காதில் தொலைபேசி:
மேற்பார்வையாளர்களின் குரல்பதிவுகள், முப்பத்தொன்று.
அக்கா, பத்துப் பேர் ஊருக்குப் போயாச்சு.
அக்கா, துவாஸ் ஆள் எல்லாம் நாளைக்குக் காக்கி புக்கிட்.
ஆணியில் நூல் கட்டித் தொங்கிய நோட்டில்
பென்சிலால் கழித்தார், கூட்டினார், மறுபடி கழித்தார்.

நான் வரைபடத்தைக் காட்டினேன்.
லாரிகள் புள்ளிகளாய் நகர்வதைக் காட்டினேன்.
மாதாந்தர வளைகோட்டைப் பெரிதாக்கினேன்.
மஞ்சள் படிந்த கையைத் தூரமாக வைத்துக்கொண்டு பார்த்தார்.
"நல்லாருக்கும்மா.
நாளைக்கு எத்தனைன்னு சொல்லுமா இது?"

சொல்லாது.

திரும்பும் வண்டியில் ஒருவரும் பேசவில்லை.
விடிவதற்குள் அழிக்க ஆரம்பித்தோம்.
ஏழு கதவில் ஆறு. வளைகோடு.
பொத்தானே போயிற்று, பச்சையும் நீலமும் சேர்த்து.
வரைபடம் ஃபைருஸின் மூன்று வாரம்.
விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்,
அழுத்தினான்,
கீழே போய் மூன்று பைகளில் தே பெங் வாங்கி வந்தான்.
நேர்காணல் என்ன ஆயிற்று என்று
அப்போதும் நான் கேட்கவில்லை.

மிஞ்சியது ஒரு பக்கம்.
இரவு ஒன்பது மணிக்கு
விடுதிக்கு இத்தனை, மொத்தம் இத்தனை.

அது ஓடத் தொடங்கிய ஆறாம் நாள்
விடியற்காலை ஐந்து மணிக்கு அழைப்பு.
"கிராஞ்சியில நாப்பது பொட்டலம் மிச்சம்மா."
தேடினோம்.
வங்காளதேசத்து மேற்பார்வையாளர் ஒருவர் நாற்பது என்பதைத்
தன் எண்ணிலேயே எழுதி அனுப்பியிருந்தார்.
அவருடைய நான்கு
எங்கள் கண்ணுக்கு எட்டு.
எண்பது என்று நிரப்பியது சியூ லிங்,
சரிபார்த்தது நான்.

வெட்கமாக இருந்தது.
அதற்கடியில், வெளியே சொல்லக் கூடாது,
சந்தோஷமாகவும்.
மிச்சமாவதற்கு
யாரோ அந்த எண்ணை நம்பிச் சோறு வடித்திருக்கிறார்.

லாரிக்காரர் நாற்பதையும் இங்கேயே இறக்கிப் போனார்.
ஹலால் முத்திரையைப் பார்த்துவிட்டு
ஒன்றை எடுத்துக்கொண்ட ஃபைருஸ்
மற்றதைக் கீழ்த்தளத்துக்குச் சுமந்தான்.
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள்
டயர்கள் மேல் உட்கார்ந்து பிரித்தார்களாம்,
மீன் குழம்பு, பருப்பு, பாதி முட்டை.

சியூ லிங் வெண்பலகையை முதல்முறையாக முழுதும் துடைத்து
வங்காள எண்கள் பத்தையும் எழுதினாள்.
சாம்பல் எழுத்து இப்போது
இரண்டு நிமிடங்களுக்கு முன் என்கிறது.

ஃபைருஸ் மூச்சிரைக்க ஏறி வந்தான்.
நாளைக்கும் உண்டா என்று கேட்கிறார்கள்.

இல்லை என்று சொல்லத்தானே
இவ்வளவும்.